சுவரில் வழியும் சோப்பு

வெளிச்சுவருக்கு எமல்ஷன் பெயின்ட் அடித்து ரெண்டு நாள்கூட ஆகியிருக்காது, மழை வந்துவிடும். மறுநாள் பார்த்தால் சுவரில் மேலிருந்து கீழாகப் பளபளவென்று, தொட்டால் பிசுபிசுக்கும் கோடுகள். நத்தை ஊர்ந்துபோன தடம் மாதிரி. வீட்டுக்காரர் பெயின்டரைத் திட்டுவார். பெயின்டர் கடைக்காரரைத் திட்டுவார். கடைக்காரர் மழையைத் திட்டுவார். பெரும்பாலும் குற்றவாளி டப்பாவுக்குள்ளேயே இருக்கும் சோப்பு!

எமல்ஷன் பெயின்டுக்கு உயிர் அதிலுள்ள பாலிமர் துகள்கள். அக்ரிலிக் வகை மானோமரைத் தண்ணீரில் கலக்கி, அங்கேயே பாலிமராக்குகிறார்கள். துகள் ஒவ்வொன்றும் சுமார் 100, 200 நானோமீட்டர். அவை ஒட்டிக் கட்டியாகிவிடாமல் காவல் காப்பது சர்ஃபாக்டன்ட். தண்ணீரை விரும்பும் தலை, எண்ணெயை விரும்பும் வால். ஷாம்பு பாட்டிலில் பெயர் பார்த்திருக்கக்கூடிய சோடியம் லாரில் சல்ஃபேட் இந்த வேலைக்கும் வருவதுதான்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காவலாளி துகளில் சும்மா ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார். தண்ணீர் காய்ந்து படலம் ஆனதும் வேலை முடிந்தது, ஆனால் ஆள் போகமாட்டார். படலத்தின் மேலேயும் இடுக்குகளிலும் போய்ச் சேர்ந்துகொள்வார். மழை பட்டால் கரைந்து வழிவார். அவர் இருந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் படலம் வெளுப்பதும் உண்டு.

இதற்கு வேதியியல்காரர்கள் கண்ட வழி அழகானது. சோப்பு மூலக்கூறிலேயே ஒரு இரட்டைப் பிணைப்பை வைத்துவிடுவது. அதுவும் பாலிமர் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடும், பிறகு எங்கே ஓடுவது? சர்ஃபாக்டன்டும் மானோமரும் சேர்ந்ததால் 'சர்ஃப்மர்' என்று பெயர்.

ஆனால் சொல்வது சுலபம். கல்யாண வீட்டில் பரிமாற வந்தவரே முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? அவசரக்கார சர்ஃப்மர் வினையின் ஆரம்பத்திலேயே சேர்ந்து, வளரும் துகளுக்குள் புதைந்துவிடும். காவலுக்கு ஆள் இருக்காது. சோம்பேறி சர்ஃப்மரோ கடைசிவரை பந்தியிலேயே உட்காராது, பழைய சோப்புக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்தான் வேண்டும். தன்னோடு தானே எளிதில் சேராத மாலியேட் வகைக்கு மவுசு வந்தது இதனால்தான்.

மைக்ரோஎமல்ஷனில் கதை இன்னும் மோசம். 1943-லேயே ஹோரும் ஷுல்மனும் விவரித்த, கண்ணாடி போலத் தெளிவான கலவை அது. 50 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள் கிடைக்கும். ஆனால் சாதாரண எமல்ஷனில் மானோமர் எடையில் சில சதவீதமே போதும் என்கிற சோப்பு, இங்கே மானோமருக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோகூடத் தேவைப்படும். பாலிமர் செய்யப்போய் சோப்பு வாங்கிய கதை. அந்தச் சோப்பே பாலிமரானால் கழிவு சரக்காகிவிடும். சர்ஃப்மருக்கு நியாயமான இடம் என்றால் முதலில் இதுதான். (ஆனால் வினை நடக்கும்போதே அந்த நுண்ணிய அமைப்பு கலைந்துபோவதும் உண்டு.)

பெயின்டுக்கு வருவோம். 'சர்ஃப்மர் விலை அதிகம்' என்பதுதான் வழக்கமான பதில். கிலோ விலையை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் ஒரு கிலோ பாலிமருக்கு 20 கிராம் சோப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சோப்பு மூன்று மடங்கு விலை என்றாலும், கூடுகிற செலவு 40 கிராம் பழைய சோப்பின் விலை. அவ்வளவுதான்! சாரம் கட்டித் திரும்ப அடிக்கிற கூலியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் அந்தக் கூலி கம்பெனியின் கொள்முதல் கணக்கில் வராது, வீட்டுக்காரர் பையிலிருந்து போகும். மிச்சம் ஒருவருக்கு, நஷ்டம் வேறொருவருக்கு.

அதற்காக எல்லா டப்பாவிலும் சர்ஃப்மர் வேண்டும் என்பதும் அபத்தம். மழையே படாத உள்சுவருக்கு அது வீண். வெளிச்சுவரிலும் முழு மந்திரம் கிடையாது. நிறமிகளைக் கரைக்கத் தனி சோப்பு இருக்கிறது. அடர் நிறம் கேட்டால் கடையிலுள்ள மெஷின் ஊற்றுகிற வண்ணக் குழம்பிலும் சோப்பு இருக்கிறது. நத்தைத் தடம் பளிச்சென்று தெரிவதும் அந்த அடர் நிறத்தில்தான்.