கல்லறையில மட்டும் ஏன் ரெண்டு வரிசை?

போன வாரம் அம்மா போன் பண்ணி, "மேட்ரிமோனியல்ல உன் பேரை ஏத்திட்டியா இல்லியா?"ன்னு கேட்டாங்க. சரி, இனிமே தப்பிக்க முடியாதுன்னு உக்காந்தேன். பேர், வயசு, படிப்பு பி.இ., வேலை சாஃப்ட்வேர். மதம்: கிறிஸ்தவம், ஆர்.சி. எல்லாம் மளமளன்னு போச்சு. அடுத்த பெட்டி சாதி. டிராப் டவுனைத் தட்டினா தமிழ்நாட்டுல இருக்கற அத்தனை சாதியும் வரிசையா வந்து நிக்குது.

"ஏம்மா, நாமதான் கிறிஸ்தவங்களாச்சே. இதுல என்ன போடறது?"

"ஆர்.சி.யா இருந்தா மட்டும் போதுமா? நம்ம ஆளுங்களா இருக்க வேணாமா?"

"கோவில்ல எல்லாரும் ஒண்ணுன்னு சாமியார் சொல்றாரே?"

"அது கோவில்ல. இது கல்யாணம்."

அவ்ளோதான். எங்கம்மா ரெண்டே வரியில தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றைச் சொல்லி முடிச்சிட்டாங்க.

விசுவாசம் மனுஷனை மாத்தும், சமூகத்தை மாத்தும், கலாச்சாரத்தையே மாத்தும்னு ஒரு கோஷ்டி. பாலுக்கும் பவுடருக்கும் மதம் மாறினவங்கதானே, என்னத்த மாறிச்சுன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு கோஷ்டியும் ஒரு தடவை எங்க மாவட்டத்துக்கு வந்துட்டுப் போகணும்.

கள்ளக்குறிச்சி 2019ல்தான் விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமாச்சு. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துல எறையூர்னு ஒரு ஊர். பெரிய ஜெபமாலை மாதா கோவில் இருக்கு. ஊர்ல பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்தான். வன்னியர்களும் கிறிஸ்தவங்க, தலித்துகளும் கிறிஸ்தவங்க. ஒரே மாதா, ஒரே நற்கருணை, ஒரே பைபிள். ஆனா செத்தா கல்லறை வேற வேற. பிணத்தைக் கொண்டுபோற தூம்பா வண்டியும் வேற வேற. திருவிழாத் தேர் தலித் தெருவுக்குப் போகாது.

தலித் மக்கள் கேட்டுப் பாத்தாங்க, நடக்கல. கடைசியில "எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துடுங்க"ன்னு 2008 மார்ச்சுல உண்ணாவிரதம் உக்காந்தாங்க. மார்ச் 9ம் தேதி கலவரம். தலித் வீடுகளை அடிச்சு நொறுக்கினாங்க. போலீஸ் சுட்டதுல ரெண்டு பேர் செத்துப் போனாங்க. செத்த ரெண்டு பேருமே வன்னியக் கிறிஸ்தவங்க. அது தவக்காலம். ஈஸ்டருக்கு ரெண்டு வாரம்தான் இருந்துச்சு.

இங்க கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. "பாத்தியா, கிறிஸ்தவம் ஒண்ணையும் மாத்தல"ன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப எனக்கு வேற ஒண்ணு தோணுது. கடவுளுக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு பிரசங்கத்துல கேட்டதை நெஜம்னு நம்பி, அப்ப எங்களுக்கும் அந்தத் தேரும் கல்லறையும் வேணும்னு கேட்டாங்க பாருங்க, அவங்களைத்தான் அந்த விசுவாசம் மாத்திருக்கு. கல்லெடுத்தவங்க சாமி பேரை மட்டும்தான் மாத்தியிருக்காங்க.

இது எறையூர்க் கதை மட்டும் இல்ல. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல 1872ல் ஒரு கோவில் கட்டினாங்க. பீடத்துல இருந்து ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போற மாதிரி, ஆங்கில 'வி' எழுத்து வடிவத்துல. கால்சட்டைக் கோவில்னு கிண்டல் பண்ணுவாங்க. எதுக்கு அந்த டிசைன்? ஒரு கால்ல வெள்ளாளர், இன்னொரு கால்ல நாடார். ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே பூசை காணலாம். எங்க பீல்டுல இதைத்தான் 'ஒர்க் அரவுண்ட்'னு சொல்லுவோம். பிழையைச் சரி பண்ணாம, அதுக்கு மேலயே கட்டடம் எழுப்பறது :-( நடுவுல இருந்த தடுப்பை 1910ல் எடுத்தப்ப வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. தோத்தாங்க.

நல்லதையும் சொல்லணும். திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாதுன்னு இருந்த காலத்துல, மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்ச பெண்கள் குப்பாயம் போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தாங்க. அடி வாங்கினாங்க, துணியைக் கிழிச்சாங்க, விடல. 1859ல் ராஜா பிரகடனமே போட வேண்டியதாச்சு. அதுலயும் மேல்சாதிப் பொம்பளைங்க மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன்! எங்க பக்கத்துலயே திருக்கோவிலூர்ல டேனிஷ் மிஷன்காரங்க ஆஸ்பத்திரி நடத்தினாங்க. எழுத்து, மருந்து, ரவிக்கை. இதெல்லாம் மாற்றம் இல்லைன்னு சொன்னா அது பொய்.

ஆனா ஞாயித்துக்கிழமை பேப்பரை எடுங்க. 'சி.எஸ்.ஐ. நாடார் மணமகள் தேவை.' அந்தக் குப்பாயத்துக்காக அடி வாங்கினவங்களோட பேரப்பிள்ளைங்கதான். தனக்கு மேல இருக்கறவனோட சமமாகறது வரைக்கும் எல்லாருக்கும் விசுவாசம் இருக்கு. தனக்குக் கீழன்னு நினைக்கிறவனைச் சமமா ஏத்துக்கறப்பதான் விசுவாசம் காணாமப் போகுது.

அரசாங்கம் பண்ற கூத்து தனி. 1950 ஆணைப்படி இந்துக்கள்தான் எஸ்.சி. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேத்தாங்க. கிறிஸ்தவர்களைச் சேக்கல. ஞானஸ்நானம் வாங்கின அன்னிக்கே சாதி போயிடுச்சாம்! ஆனா பழங்குடிகளுக்கு இந்த மதக் கணக்கு கிடையாது. கல்வராயன் மலையில இருக்கற மலையாளிப் பழங்குடியில (கேரளா மலையாளி இல்லீங்க, இவங்க வேற) ஒருத்தர் கிறிஸ்தவரானாலும் எஸ்.டி.தான். மலையை விட்டு இறங்கி எறையூருக்கு வந்தா, அங்க இருக்கற தலித் கிறிஸ்தவர் பி.சி. கல்லறையில அவர் தலித், சர்டிபிகேட்ல மட்டும் இல்ல. 2022ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில இதுக்காக ஒரு ஆணையமும் போட்டாங்க. சாதி செத்துடுச்சுன்னு அரசாங்கத்துக்குச் சொல்லத் தெரியுது. உயிரோடதான் இருக்குன்னு சபைக்காரங்க நல்லாவே தெரிஞ்சு வச்சிருக்காங்க.

அதனால என் கட்சி இதுதான். ஒரு மதம் மனுஷனை மாத்திச்சா இல்லியான்னு தெரியணும்னா பூசைக்குப் போய்ப் பாக்காதீங்க. பூசையில எல்லாரும் நல்லவங்க. கல்லறைத் தோட்டத்துல யாருக்குப் பக்கத்துல யாரைப் புதைச்சிருக்காங்கன்னு பாருங்க. கல்யாணப் பத்திரிகையில யாரோட பேரு யாரோட சேந்திருக்குன்னு பாருங்க. பிரசங்கம் அங்க வரைக்கும் போய்ச் சேரலைன்னா, அது வெறும் மைக் செட்டுதான்.

நீ எந்தப் பக்கம்டான்னு கேப்பீங்க. அம்மா "நம்ம ஆளுங்க"ன்னு சொல்ற பக்கம்தான். கல்லடி வாங்கின பக்கம் இல்ல. அதனால இதுல எனக்குப் பெருமைப்பட ஒண்ணும் இல்ல.

அந்தப் பெட்டியில 'சாதி தடையில்லை'ன்னு போட்டுட்டேன். பெரிய புரட்சின்னு நினைச்சுடாதீங்க, ஒரு கிளிக்தான். அம்மா மூணு நாளா போன் எடுக்கல. அப்பா மட்டும் ராத்திரி கூப்பிட்டு, "உன் தங்கச்சிக்கு நாளைக்கு எவன்டா வருவான்?"னு கேட்டார். அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல.

டிஸ்கி: ரெண்டு பக்கத்துல இருந்தும் அடி விழும்னு தெரியும். பின்னூட்டப் பெட்டி திறந்தேதான் இருக்கு, அனானிகளும் வரலாம். சாதியைச் சொல்லித் திட்டினா மட்டும் தூக்கிடுவேன் :-)