சின்ட்ரெல்லா: நிர்வாணாவின் தலையில் கட்டிய பழி

1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தது. அத்தோடு கிளாம் மெட்டல் மாண்டது. ராக் விமர்சகர்கள் சலிக்காமல் ஒப்பித்துவரும் இக்கதையை நாம் ஏற்பதற்கில்லை. ஃபிலடெல்ஃபியாவின் சின்ட்ரெல்லா இசைக்குழு இதற்கு நேர்மறுப்பு.

சிலுப்பிய கூந்தல், முகப்பூச்சு, கிறீச்சிடும் குரல் என்று சந்தை கேட்ட அனைத்தும் 1986-இல் வந்த 'நைட் சாங்ஸ்' தொகுப்பில் இருந்தன. அமெரிக்காவில் மட்டும் முப்பது இலட்சம் பிரதிகள் போயின. 1988-இன் 'லாங் கோல்ட் வின்டர்' ப்ளூஸ் பக்கம் திரும்பியது; அதற்கும் அதே வரவேற்பு. 1990 நவம்பரில் வந்த 'ஹார்ட்பிரேக் ஸ்டேஷன்' இன்னும் துணிந்தது. ஸ்லைடு கிட்டாரும் கிராமிய இசையின் சாயலும் முன்னுக்கு வந்தன. லெட் செப்பெலினின் ஜான் பால் ஜோன்ஸ் தந்திக்கருவிகளுக்கு இசைக்கோப்பு செய்தார். விற்பனையோ பத்து இலட்சத்தைத் தொட்டதோடு சரி. 'நெவர்மைண்ட்' வர அப்போது இன்னும் பத்து மாதங்கள் இருந்தன!

ஆக, சரிவு முன்பே தொடங்கிவிட்டது. பழைய ரசிகர்கள் ஒப்பனையைத் தேடி ஏமாந்தார்கள். தீவிர விமர்சகர்களோ அந்தப் பழைய ஒப்பனையைத் தாண்டி எதையும் கேட்க மறுத்தார்கள். 1991-இல் பாடகர் டாம் கீஃபரின் குரல்நாண் செயலிழந்தது. அவர் மீண்டு வந்து 1994-இல் தந்த 'ஸ்டில் கிளைம்பிங்' கவனிப்பாரின்றிப் போனது. இந்தக் கடைசி அடியில் கிரன்ஞ் அலைக்கும் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் முத்திரையைக் கேட்டுவிட்டு இசையைக் கேட்டதாகச் சொல்லும் விமர்சனத்தின் பங்கை யார் எழுதுவது?