நேரமா, தூரமா?

அரை மணி நேரம் விமானத்தில் அமர்ந்து செல்வதும் ஒரு பயணமா, அதற்குக் கஸ்ரு எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள தீவுகளைக் கொண்டு இதனை எளிதில் விளங்கலாம்.

ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குச் செல்வது உலகின் மிகக் குறுகிய அன்றாட விமானச் சேவை. தூரம் 2.7 கிலோமீட்டர், அட்டவணைப்படி 2 நிமிடம். அதே ஆர்க்னியின் கிர்க்வாலிலிருந்து ஷெட்லாந்தின் சம்பரா விமான நிலையத்திற்குச் சுமார் 135 கிலோமீட்டர். பறக்கும் நேரம் அரை மணிக்குச் சற்று மேல்.

ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் கஸ்ருக்குரிய தூரம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். எனவே முதற்பயணத்தை மட்டும் மேற்கொள்பவர், கடல் கடந்து விமானத்தில் சென்றாலும் முழுமையாகவே தொழ வேண்டும். இரண்டாம் பயணத்தில் லுஹர், அஸர், இஷாவை இரண்டிரண்டு ரக்அத்களாகத் தொழலாம். அளவுகோல் தூரமே, கடிகாரமோ களைப்போ அன்று.

இது விமானம் வந்தபின் தோன்றிய கருத்தன்று. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்), அத்தூரத்தைக் கடல்வழியே சிறுபொழுதில் கடந்தவரும் கஸ்ரு செய்யலாம் என்று தமது மின்ஹாஜில் பதிவு செய்துள்ளார்கள்.

அச்சம் நீங்கிய பின்னும் ஏன் சுருக்கித் தொழுகிறோம் என உமர் (ரலி) கேட்டபோது, அது அல்லாஹ் வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். பயணம் எளிதாகிவிட்டது என்று கூறி அக்கொடையை மறுப்பது பேணுதலாகாது. தூரம் எட்டாத பயணத்தில் அதனை எடுத்துக்கொள்வதும் தகாது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.