சைவம்னு சொன்னா போதுமா பாஸ்?

நாமக்கல்னா முட்டை, ராசிபுரம்னா நெய். இந்தப் பக்கம் பொறந்துட்டு, 'முட்டை, பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டேன்'னு சொல்ற ஆளா நீங்க? கொள்கையோ, அலர்ஜியோ, காரணம் எதுவா வேணா இருக்கட்டும். 'மோராச்சும் குடி கண்ணு'ன்னு பெரியம்மா கெஞ்சுறதைச் சமாளிச்சிருப்பீங்க. மேல்படிப்புக்கு ஃப்ளைட் ஏறப் போறீங்கன்னா, நிஜமான பரீட்சை இனிமேதான்!

முதல் பாடம்: 'வெஜிடேரியன்'ங்கிற வார்த்தையை நம்பி உட்காராதீங்க. நம்ம ஊர் சைவத்துல பால் உண்டு, முட்டை கிடையாது. பிஸ்கட் பாக்கெட்ல இருக்கிற பச்சைப் புள்ளிக்கும் அதே அர்த்தம்தான். ஐரோப்பாவுல வெஜிடேரியன்னா பொதுவா பாலோட முட்டையும் சேர்த்தி. ரெண்டுமே வேணாம்னா, 'வீகன்'னு கேட்கணும். 1944-ல இங்கிலாந்துல உருவான வார்த்தை இது.

குழப்பம் ஃப்ளைட்லயே ஆரம்பிச்சுடும். 'ஹிண்டு மீல்'னு பார்த்ததும் நம்ம சாப்பாடுன்னு டிக் அடிச்சுடாதீங்க. ஹெச்.என்.எம்.எல். என்ற அந்தக் கோடுல கோழி, ஆடு, மீன் வரலாம், மாட்டுக்கறிதான் வராது. ஏ.வி.எம்.எல். இந்திய பாணி சைவம். ஆனா, தயிரும் பனீரும் எட்டிப்பார்க்கும். பால், முட்டை ரெண்டும் இல்லாததுக்கு வி.ஜி.எம்.எல்.னு கேளுங்க. கிளம்புறதுக்குக் குறைஞ்சது ஒரு நாள் முன்னாடியே சொல்லி வெச்சுடணும்.

இறங்கினது ஜெர்மனின்னு வெச்சுக்குவோம். கடைக்குப் போனா, பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிங்க. 2014 டிசம்பர்ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல பால், முட்டை, மீன் உட்பட அலர்ஜி தரக்கூடிய 14 பொருட்களைப் பட்டியல்ல தனியாத் தெரியற மாதிரி அச்சடிக்கணும்னு சட்டம். பெரும்பாலும் தடித்த எழுத்துல இருக்கும். 'மில்ஷ்'னா பால், 'ஐ'ன்னா முட்டை, 'மோல்கே'ன்னா சீஸ் செய்யறப்போ பிரியற தண்ணி. மோரை நினைச்சுக்கிட்டா மோல்கே மறக்காது!

தாய்லாந்து டூர் போறீங்களா? அங்கே காய்கறிப் பொரியல்லயும் மீன் சாஸ் விழும். மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து தொங்குற 'ஜே' கடையைத் தேடுங்க. அசைவம், மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் அங்கே கிடையாது.

பபுள் டீ பார்த்தா சேலத்துக்காரங்க மனசு துள்ளும். கீழே உருளுற கறுப்பு முத்து, நம்ம ஜவ்வரிசி மாதிரியே மரவள்ளி மாவுல செஞ்சதுதான். ஆனா, உஷார்! 'நான்-டெய்ரி க்ரீமர்'னு சொல்லி ஊத்துற பவுடர்ல பல சமயம் கேசினேட் இருக்கும். அது பால் புரதமேதான்.

இதையெல்லாம் வீம்புக்குச் சொல்லலை. பால் ஜீரணமாகாதவங்களுக்கு வயித்து வலியோட போயிடும். பால் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு ஒரு ஸ்பூன்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். 'வீகன்' லேபிளும் அவங்களுக்கு முழு கேரன்டி இல்லை. அதே மெஷின்ல பால் பொருளும் ஓடியிருக்கலாம். டாக்டர் கொடுத்த மருந்து, சீட்டோட உங்க கைப்பையில இருக்கட்டும். செக்-இன் பெட்டியில வேணாம்.

பெட்டியில என்ன வைக்கலாம்? வெளியில இருந்து போறவங்க ஐரோப்பிய யூனியனுக்குள்ள இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. அதனால ஃப்ரெண்டுக்குன்னுகூட ராசிபுரம் நெய் வாங்கிட்டுப் போகாதீங்க. பதிலா அரிசிம்பருப்பு சாதம் செய்யக் கத்துக்கிட்டுப் போங்க. அரிசி, துவரம்பருப்பு, வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், மஞ்சள்தூள், கடலெண்ணெய்... ஒரே குக்கர், வேலை முடிஞ்சது. மேலே நெய் ஊத்தலைன்னு கோவிச்சுக்க அங்கே யாரும் இல்லை.

கடைசியா ஒண்ணு. ஹோட்டல்ல 'நான் சைவம்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சுக்காதீங்க. 'கறி வேணாம், மீன் வேணாம், முட்டை வேணாம், பால், வெண்ணெய், சீஸ் வேணாம்'னு ஒவ்வொண்ணா சொல்லுங்க. அந்த ஊர் பாஷையில ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நீட்டினா இன்னும் நல்லது. ரெண்டாவது தடவை கேட்கக் கூச்சமே படாதீங்க. பெரியம்மாகிட்டயே 'வேணாம்'னு சொல்லி ஜெயிச்சவர் நீங்க... ஒரு சர்வர்கிட்ட சொல்ல முடியாதா என்ன?