மூட்டைக்குள்ள மதிப்பு பிள்ளைக்கு இல்லையா?

வியாபாரச் சகோதரர்களே! நெல் மூட்டை ஏற்றும் லாரிக்கு டிரைவர் வைக்கும்போது லைசென்ஸைப் பார்க்கிறீர்கள். பழைய முதலாளியிடம் விசாரிக்கிறீர்கள். உங்கள் பிள்ளை ஏறும் பள்ளி வேன் டிரைவரின் பெயராவது தெரியுமா?

2009 டிசம்பர் 3. வேதாரண்யம் அருகே பள்ளி வேன் குளத்தில் பாய்ந்தது. 9 பிஞ்சுகளும், மற்ற பிள்ளைகளைக் கரையேற்றிய இளம் ஆசிரியையும் மாண்டனர். நம் டெல்டாவில் வாய்க்கால், குளம் ஒட்டாத சாலை ஏது?

டில்லிப் பள்ளிப் பேருந்துகளுக்கு 1997லேயே உச்சநீதிமன்றம் சொன்னது: கனரக வாகனம் ஓட்டி 5 ஆண்டு அனுபவம் வேண்டும்; அதிவேகம், குடிபோதைக்கு ஒருமுறை பிடிபட்டவரும் ஆகாது. தமிழகத்தில் தனி விதி வரவோ, 2012இல் தாம்பரம் அருகே பேருந்தின் ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து சாக வேண்டியிருந்தது!

பள்ளி நிர்வாகத்திலுள்ள பெரியவர்களே! வேன் தண்ணீரில் இறங்கினால் எந்தக் கதவைத் திறப்பதென்று டிரைவருக்குப் பழக்கினீர்களா? குறைந்த சம்பளம்தான் தகுதியா?

இளைஞர்களே! நாளைக் காலை வேன் வந்ததும் லைசென்ஸைக் கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.