பாட்டனாரின் தகரப் பெட்டி

மஞ்சூரில் வாழும் நம் நண்பரொருவர் சென்ற மழைக்காலத்தில் தம் பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்கையில், பரண்மேலிருந்த தகரப் பெட்டியில் ஒரு ரிவால்வரைக் கண்டார். காலஞ்சென்ற பாட்டனாருடையது. அதைப்பற்றி அவ்வீட்டில் ஒரு கதை உண்டு: தேயிலைத் தோட்டத்துத் துரையொருவரைப் புலியிடமிருந்து காத்தமைக்காக, 1900-க்கு முன்னரே பாட்டனாரின் தந்தைக்கு அது பரிசாக வந்ததாம். அக்கதை மெய்தானா என்று நண்பர் நம்மை வினவினார்.

உரிமம் உண்டா என்று நாம் திரும்பக் கேட்டோம். நண்பரின் முகம் வாடிற்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமதாரர் இறந்தபின் வாரிசுகள் ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். பழையது என்பதனால் மட்டும் விலக்கு இல்லை. பழுதுபார்த்தாலும் சுடவியலாத பழம்பொருளுக்கே விலக்கு உண்டு. வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, நண்பர் காவலர்களை வீட்டிற்கே வரவழைத்தார். யாரும் அதைத் துடைக்கவோ திறந்து பார்க்கவோ கூடாதென்று நாம் தடுத்திருந்தோம். குண்டு உள்ளே இருக்கலாம். துருவைத் தேய்த்தால் முத்திரைகளும் அழிந்துபோகும்.

ரசீது எழுதும்பொருட்டுக் காவலர் அம்முத்திரைகளை உரக்க வாசித்தபோதுதான் கதை அவிழ்ந்தது. வெப்ளி, மார்க் 6, ஆண்டு 1917. அவ்வகை ரிவால்வரைப் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றதே 1915-இல்தான். முதல் உலகப் போருக்காகச் செய்யப்பட்ட ஆயுதம், 1900-க்கு முன் குந்தா மலையில் புலியை எதிர்கொண்டிருக்க முடியாது! அரசாங்கச் சொத்து என்பதைக் குறிக்கும் அகன்ற அம்பு அதில் இருந்தது. மற்றோர் இடத்தில் முனையோடு முனை தொடும் இரண்டு அம்புகளும் இருந்தன. இராணுவம் அதை முறைப்படி விற்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். களவுப்பொருளோ என்று கலங்கியிருந்த நண்பர் அப்போதுதான் பெருமூச்சு விட்டார்.

பெட்டியின் அடியில் மடித்த காகிதமொன்றும் கிடைத்தது: பாட்டனார் பெயரில் 1948-இல் வழங்கப்பெற்ற உரிமம். நம் பார்வையில் துப்பாக்கியினும் இக்காகிதமே அரியது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நம்மவர்களை உரிமம் கேட்டது. ஐரோப்பியர்களுக்கோ நெடுங்காலம் விலக்களித்தது. ஆதலால் துரைமாரின் துப்பாக்கிகளுக்கு அக்காலத்துக் காகிதம் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. அநீதியான அந்த ஏற்பாட்டினால் விளைந்த ஒரே நன்மை, நம் பாட்டன்மாரின் பெயர்கள் ஏடுகளில் தங்கியதுதான் போலும். விடுதலைக்குப் பின் துரைமார் பலர் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பிய காலம் அது. புறப்படும் துரையொருவரிடம் பாட்டனார் அதை விலைக்கு வாங்கியிருக்கலாம். இது நம் ஊகமே.

மரபுரிமையாக வந்த ஆயுதத்திற்கு வாரிசுகள் உரிமம் கோர 2016-ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. நண்பர் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு மனுச் செய்துள்ளார். கிடைக்காவிடின் விற்றுவிடவும் சித்தமாயிருக்கிறார். அவருடைய அத்தையார்தாம் புலியை விட்டுத்தர மறுக்கிறார். "அப்படியானால் அது வேறு துப்பாக்கியாயிருக்கும்; பரணில் இன்னொருமுறை தேடிப் பார், தம்பி" என்கிறார்.