கடைசி வரிசையில் நின்ற மரம்

எனது இளைய மகளுக்கு நாலரை வயது. ஊரிலுள்ள ஒரு முன்பள்ளிக்குப் போகிறாள். ஒருநாள் இரவு சோறு ஊட்டும்போது, "நான் கைய தூக்கினாலும் டீச்சர் பார்க்கிறல்ல, உம்மா" என்றாள். "நாளைக்குப் பார்ப்பா" என்று சொல்லி அடுத்த பிடியை ஊட்டினேன்.

வருட இறுதிக் கலைவிழாவில்தான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது. வரவேற்புரை, நாடகத்தில் இளவரசி, பிரதம அதிதிக்கு மாலை எல்லாமே அதே மூன்று நான்கு பிள்ளைகளுக்குத்தான். என் மகள் கடைசி வரிசையில் மரமாக நின்றாள்.

டீச்சரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று அன்றிரவு மனதுக்குள் அடுக்கினேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒக்டோபரில் ஆசிரியர் தினத்துக்கு, மற்றவர்களின் அன்பளிப்பைவிடக் குறைந்துவிடக் கூடாதென்று கடை கடையாகச் சேலை தேடியவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சேலைக்குப் பதிலாக நான் எதிர்பார்த்தது என்ன? என் மகளுக்கு முன்வரிசை கிடைத்திருந்தால் பாகுபாடு பற்றி வாய் திறந்திருப்பேனா?

இருந்தும் இது சிறிய விடயமல்ல. ரொபர்ட் ரொசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க ஆரம்பப் பாடசாலை ஒன்றில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மாணவரை எழுமாற்றாகத் தெரிந்து, "இவர்கள் விரைவில் முன்னேறுவார்கள்" என ஆசிரியர்களிடம் கூறினார்கள். வருட முடிவில், குறிப்பாக முதலிரு வகுப்புகளில், அப்பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தன. அந்த ஆய்வு பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் ஆசிரியையின் எதிர்பார்ப்பு பிள்ளையை எங்கே கொண்டுபோகும் என்ற கேள்வியை நாம் ஒதுக்க முடியாது.

முன்பள்ளியை நாம் "மொண்டிசோரி" என்றே அழைக்கிறோம். 1907 இல் ரோமில் சிறுவர் இல்லம் தொடங்கிய மரியா மொண்டிசோரியோ பரிசும் தண்டனையும் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்றவர். நாம் அவருடைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மறுவாரம் டீச்சரைத் தனியே சந்தித்தேன். குற்றம் சொல்லவில்லை. "மகள் வகுப்பில எப்படி, டீச்சர்?" என்று மட்டும் கேட்டேன். "நல்ல பிள்ளை. சத்தமே இல்ல, ஒரு கரைச்சலும் இல்ல" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. முப்பது பிள்ளைகளுக்கு நடுவே, கரைச்சல் தராத பிள்ளை கண்ணில் படுவதில்லை. டீச்சருக்கு வாங்கும் சம்பளமும் சொற்பம், ஓய்வும் இல்லை. அவருடைய மனதில் வஞ்சம் இருக்கவில்லை. ஆனால் வஞ்சம் இல்லாததால் என் பிள்ளையின் வலி குறைந்துவிடவுமில்லை.

இதைத் தீர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. மேடைப் பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கித் தெரியலாம். கதை சொல்லவும் வரிசையில் முன்னே நிற்கவும் பெயர்ப்பட்டியல்படி முறை வைக்கலாம். பெற்றோர் தனித்தனியே அன்பளிப்புக் கொடுக்காமல், எல்லோரும் சேர்ந்து ஒன்றாகக் கொடுக்கலாம். எப்போதும் முன்னே நிற்கும் பிள்ளைக்கும் இது நல்லது. ஒருநாள் பின்னே நிற்க அதுவும் பழக வேண்டுமல்லவா?

இதை வாசிக்கும் மாணவியரே, நாளை உங்களில் பலர் டீச்சர்களாகவும் உம்மாமாராகவும் இருப்பீர்கள். உங்கள் முன்னால் ஒரு சிறு கை உயரும்போது, போன முறை யாரைக் கேட்டோம் என்று ஒரு கணம் யோசியுங்கள்.